பேட்டரி என்னும் கடன்: மின்வாகனமும் பெட்ரோல் வாகனமும்



மின்சாரக் கார் சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்று கேட்டால் நம்மூரில் இரண்டு பதில்கள் உடனே வரும். புகைக்குழாயே இல்லாத வண்டி எப்படிக் கெடுதல் செய்யும் என்பார்கள் ஒரு சாரார். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துத்தானே அதற்கு மின்சாரம் வருகிறது, இதில் என்ன பெருமை என்பார்கள் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு; இரண்டும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்வாகனம் பெட்ரோல் வாகனத்தைவிட நல்லதுதான். ஆனால் எவ்வளவு நல்லது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதில் இருக்கும் பேட்டரி எவ்வளவு சிறியது, அந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது, அதற்கு மின்சாரம் எங்கிருந்து எந்த நேரத்தில் வருகிறது. இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால், இந்தியாவில் முதலில் மின்சாரத்துக்கு மாற வேண்டியவை ஸ்கூட்டர், ஆட்டோ, நகரப் பேருந்து ஆகியவை என்பதும், வீட்டு வாசலில் நிற்கும் கனமான சொந்தக் கார் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது என்பதும் விளங்கும். விளம்பரங்களிலும் வரிச்சலுகையிலும் அந்தக் கார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

பெட்ரோலிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவில்தான் இருக்கும். அதை எரித்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. முக்கால் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெட்ரோலில் உள்ள கரி காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் எடை அது. டீசலுக்கு இந்த அளவு லிட்டருக்கு 2.7 கிலோ. நம் சாலைகளில் ஒரு சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டருக்கு ஆறேகால் லிட்டர், அதாவது 14 கிலோவுக்குச் சற்று மேலான கரியமில வாயு. இது புகைக்குழாயிலிருந்து வருவது மட்டும். கச்சா எண்ணெயைத் தோண்டி எடுக்கவும், கப்பலில் ஏற்றி வரவும், சுத்திகரிக்கவும், லாரியில் பங்க் வரை கொண்டுபோகவும் ஆற்றல் செலவாகிறது. அதற்கென ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ ஆகிறது. இத்தனையையும் எரித்து அந்த எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுப்பது எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குதான். மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. நெரிசலில் நிற்கும்போது அந்தக் கால் பங்கும் கிடைப்பதில்லை.

இனி மின்காரின் கணக்கு. அதே அளவுள்ள மின்கார் 100 கிலோமீட்டர் ஓட பேட்டரியிலிருந்து சுமார் 13 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாவதால் வீட்டு மீட்டரில் 15 யூனிட் ஓடியிருக்கும். மின்நிலையத்திலிருந்து வீடு வரையிலான கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் ஆறில் ஒரு பங்கு இழப்பு. ஆகவே மின்நிலையம் 18 யூனிட் அனுப்பியாக வேண்டும். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.72 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. நம் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருவதே இதற்குக் காரணம். பெருக்கிப் பார்த்தால் 100 கிலோமீட்டருக்கு 13 கிலோ. நிலக்கரியை வெட்டி ரயிலில் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். ஆக, உலகிலேயே கரி மிகுந்த மின்கட்டமைப்புகளில் ஒன்றைக் கொண்ட நாட்டில் கூட, ஓட்டத்தை மட்டும் கணக்கெடுத்தால் மின்கார் 100 கிலோமீட்டருக்கு 4 கிலோ மிச்சப்படுத்துகிறது. நிலக்கரி மின்நிலையம் தன் கரியில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் மின்சாரமாக்குகிறது. ஆனால் மின்மோட்டார் தனக்குக் கிடைப்பதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவதால், முதலில் இழந்ததில் பெரும்பகுதி பின்னால் ஈடாகிவிடுகிறது. நிலக்கரியில் ஓடும் வண்டி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுபவர்கள் தவறவிடுவது இந்தப் பின்பாதியைத்தான்.

ஆனால் 4 கிலோ மிச்சம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட முடியாது. மின்கார் சாலைக்கு வரும்போதே ஒரு கடனோடு வருகிறது. லித்தியம், கிராஃபைட், செம்பு, அலுமினியம் ஆகியவற்றைச் சுரங்கத்திலிருந்து எடுத்து, சூளையிலும் உலர்கூடங்களிலும் பதப்படுத்தி ஒரு பேட்டரியைச் செய்து முடிக்க, அதன் கொள்ளளவில் ஒரு யூனிட்டுக்கு 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. நடுவில் 80 என்று வைத்தால் 30 யூனிட் பேட்டரிக்கு 2,400 கிலோ. இந்தக் கடனை வண்டி தன் ஓட்டத்தால்தான் அடைக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 4 கிலோ வீதம் அடைத்தால் 60,000 கிலோமீட்டர் ஓடியபிறகு கடன் தீரும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் நமக்கு லாபம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் காருக்கு இதற்கு ஆறு வருடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வருடம் இருமுறை ஊருக்கும் போய்வரும் கார் என்றால், அதன் ஆயுளுக்குள் கடன் அடையுமா என்பதே சந்தேகம். நார்வேயில் இதே கார் ஓடினால் கதை வேறு. அங்கே மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ முழு 17 கிலோவும் மிச்சமாகி, 15,000 கிலோமீட்டருக்குள் கடன் முடிந்துவிடும். 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார்கள் என்பது அந்த நாட்டுக்குப் பொருத்தமான செய்தி. அதை அப்படியே இங்கே எடுத்துவந்து பெருமை பேசுவது பொருந்தாது.

நான் போட்ட இந்தக் கணக்கு கரடுமுரடானது. விரிவாகப் போடப்பட்ட கணக்குகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. தூய்மையான போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வண்டியின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான வெளியேற்றத்தை நாடு நாடாக ஒப்பிட்டது. நடுத்தர அளவு மின்கார், அதே அளவு பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதமும், அமெரிக்காவில் 60 முதல் 68 சதவீதமும், சீனாவில் 37 முதல் 45 சதவீதமும், இந்தியாவில் 19 முதல் 34 சதவீதமும் குறைவாக வெளியேற்றுகிறது என்பது அதன் முடிவு. நான்கில் நம் லாபம்தான் மிகச் சிறியது. ஆனாலும் அது லாபம்தான். வரும் ஆண்டுகளில் மின்கட்டமைப்பு எவ்வளவு தூய்மையாகும் என்பதையும் அந்த ஆய்வு கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தியாவின் எண் 19-இல் நிற்குமா 34-இல் நிற்குமா என்பது கார் கம்பெனிகளின் கையில் மட்டும் இல்லை. மின்வாரியங்களின் கையிலும் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மின்சாரம் தூய்மையாகட்டும், அதன்பிறகு வாகனங்களை மாற்றலாமே, ஏன் அவசரம்? காரணம், இன்று வாங்கும் வண்டி பதினைந்து வருடம் சாலையில் இருக்கும். இன்று ஷோரூமிலிருந்து கிளம்பும் பெட்ரோல் கார், பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாள்வரை ஒவ்வொரு லிட்டருக்கும் அதே 2.3 கிலோவைத்தான் வெளியிடும். எஞ்சின் தேயத் தேய மற்ற நச்சுகள் கூடவும் செய்யும். மின்கார் அப்படியில்லை. எங்கோ ஒரு அனல்மின் அலகு நிறுத்தப்பட்டு ஒரு காற்றாலைப் பண்ணை எழும்போது, ஏற்கெனவே விற்றுப்போன மின்வண்டிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் சற்றுத் தூய்மையாகின்றன. பெட்ரோல் வாகனத்தில் இப்படி ஒரு திருத்தம் செய்ய ஒரு கோடி சைலன்சர்களைத் தனித்தனியே தொட வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் தனி வாய்ப்பு ஒன்றும் உண்டு. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம் பக்கங்களில் சுழலும் காற்றாலைகளின் நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சம் தொட்டுப் புரட்டாசிவரை கணவாய்களில் வீசும் காற்று, இரவிலும் மின்சாரம் தருகிறது. சில நாட்களில் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நிலையும் வந்திருக்கிறது. அந்த மாதங்களில் நள்ளிரவில் ஏறும் சார்ஜுக்கும், மார்கழியில் மாலை 7 மணிக்கு ஏறும் சார்ஜுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆண்டுச் சராசரியான 0.72 என்ற எண் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

அதேசமயம் ஒரு எச்சரிக்கையும் தேவை. 2025-இன் நடுவில் நாட்டின் மின்நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற எரிபொருள்கள் சாராததாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. உண்மைதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியத் தகடு ராத்திரியில் உறங்கும். காற்றாலை தை மாசியில் சோர்ந்து நிற்கும். நிலக்கரி உலை இரவு பகலாக எரியும். வேலை முடிந்து வீடு திரும்பியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பிளக்கைச் செருகினால் அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்தே வரும். பகல் நேர மின்சாரத்துக்குக் கட்டணத்தைக் குறைத்து, மாலை உச்ச நேரத்துக்குக் கூட்டி வைக்கும் முறைக்கு 2023-இல் மத்திய அரசு விதி வகுத்தது. மின்வாகனக் கொள்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கட்டண முறைதான். வண்டிக்குக் கொடுக்கும் மானியத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஹைபிரிட் கார் பற்றிய வாதத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினோடு சிறிய பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த அந்த வண்டி, லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்குமானால், மேலே சொன்ன முறைப்படி 100 கிலோமீட்டருக்கு 13 கிலோவுக்குக் கிட்டவே வெளியிடும். இன்றைய இந்திய மின்சாரத்தில் இது மின்காருக்குச் சமம். பேட்டரிக் கடனும் மிகக் குறைவு. இதை மறுக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் கார் தன் பதினைந்து வருட ஆயுள் முழுக்கவும் அந்த 13 கிலோவிலேயே நிற்கும். மின்கார் கீழே இறங்கிக்கொண்டே போகும். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு, இன்னொரு தலைமுறை வாகனங்களையும் அதே குழாயில் கட்டிப்போடுவது எனக்கு ஒப்பவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கான கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் நிலத்திலும் நிலத்தடி நீரிலும் விளைபவை. காவிரிப் படுகையில் நீருக்கு என்ன விலை என்று தெரிந்த நாம், அதைக் காரின் டேங்கில் ஊற்றுவதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சுரங்கங்களைப் பற்றிய மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் அங்கே துன்பப்படுபவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாதவர்கள். உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கைகளாலேயே குழி தோண்டி எடுக்கும் வேலையில் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பதை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் விரிவாக எழுதியது. சிலியின் அட்டகாமா உப்புச் சமவெளியில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, அகலமான பாத்திகளில் ஓராண்டுக்கும் மேல் வெயிலில் காயவைத்து லித்தியம் எடுக்கிறார்கள். உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்றான அந்தப் பாலையில் நீர்மட்டம் குறைவதை அங்குள்ள பூர்வகுடிகள் எதிர்க்கிறார்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் நிக்கல் உருக்கும் ஆலைகள் தமக்கென்றே நிலக்கரி மின்நிலையங்களை வைத்திருக்கின்றன. இவை எதையும் பூசி மெழுகக் கூடாது. ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். நைஜீரியாவின் ஓகோனி நிலத்தில் எண்ணெய்க் கசிவை எதிர்த்துப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை 1995-இல் தூக்கிலிட்டார்கள். அந்த நிலத்தை முழுமையாகச் சீர்செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் மதிப்பிட்டது. பெட்ரோலிலிருந்து கந்தகத்தை நீக்கும் வினையூக்கியிலும் கோபால்ட் இருக்கிறது. இன்னொன்று அளவு பற்றியது. ஒரு சிறிய மின்காரின் பேட்டரியில் இருக்கும் லித்தியம் மூன்று கிலோ அளவில்தான். அதே அளவு பெட்ரோல் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏழு டன் பெட்ரோலை எரித்துக் காற்றில் விட்டிருக்கும். அந்த லித்தியம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது, திரும்ப எடுக்கலாம். எரிந்த பெட்ரோலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது பரவலாகிவருவதும் நல்ல செய்தி. அறிவியலாளர் ஜான் குட்எனஃபும் அவருடைய குழுவினரும் 1990-களில் கண்டறிந்த அந்த வேதியியலைத்தான் இந்தியாவில் ஓடும் மின்கார்களில் பல பயன்படுத்துகின்றன.

திரும்ப எடுக்கலாம் என்று சொன்னேன். எடுப்போமா என்பது வேறு கேள்வி. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்தன. ஆனால் பழைய ஈயப் பேட்டரிகளின் வரலாறு நம் கண்முன்னே இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமான கொட்டகைகளில் பேட்டரியைக் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தைத் திறந்த உலையில் உருக்குகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. சட்டம் இருந்தும் நடப்பது இதுதான். இன்றும் வட மாநில நகரங்களில் ஓடும் மின்ரிக்‌ஷாக்களில் ஏராளமானவை ஈயப் பேட்டரியில் ஓடுகின்றன. அவற்றை மின்வாகன எண்ணிக்கையில் சேர்த்துப் பெருமைப்படுவது தவறு.

தெருவுக்கு வருவோம். கரியமில வாயு உலகப் பொதுச்சிக்கல். எங்கே வெளியேறினாலும் ஒன்றுதான். ஆனால் நுண்துகள், நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, பென்சீன் ஆகியவை வெளியேறும் இடத்திலேயே ஆளைத் தாக்கும். சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், நடைபாதையில் பூ விற்கும் பெண்ணும், ஸ்கூட்டரின் முன்னால் நிற்கும் குழந்தையும் சைலன்சரிலிருந்து இரண்டடி தூரத்தில் மூச்சு விடுகிறார்கள். மின்வாகனம் அந்தப் புகையை முற்றாக நீக்கிவிடுகிறது. டயர் தேய்மானத்தால் வரும் துகள் மின்காரில் கூடுதல் என்பதும் உண்மை. பேட்டரியின் எடையால் வருவது அது. மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து மின்சாரம் சேமிப்பதால் பிரேக் தூசி வெகுவாகக் குறைகிறது. ஒன்றுக்கொன்று ஓரளவு ஈடாகும். வண்டி கனமாகக் கனமாக ஈடாகாது.

ஆனால் தெருவில் நீங்கிய புகை எங்கே போகிறது? எண்ணூருக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிந்த கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய்கள் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் பல இடங்களில் ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றில் சாம்பலைக் கொட்டியிருக்கின்றன. ஆற்றின் அடியில் கால் வைத்தால் சேற்றுக்குப் பதில் சாம்பல் நிற மாவுதான் காலில் ஒட்டும். ஆழம் குறைந்து, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களின் படகு தரைதட்டுகிறது. கையால் தடவி இறால் பிடிக்கும் குடும்பங்களுக்கு இறால் கிடைப்பதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை இந்த வழக்கு போயிருக்கிறது. அதே எண்ணூரில்தான் பெட்ரோலின் விலையும் கட்டப்படுகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயைக் கடற்கரையில் வாளிவாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் பரவி, வலையையும் படகையும் அலையாத்திச் செடிகளையும் கறுப்பாக்கியது. தியாகராய நகரில் ஒருவர் பெட்ரோலில் போனாலும் மின்சாரத்தில் போனாலும் அதன் பாரம் இந்தக் கழிமுகத்தின் மேல்தான் இறங்குகிறது. அதனால் மின்வாகனத்தை ஆதரிக்கும் எவரும் மின்நிலையத்தின் புகைபோக்கியையும் சாம்பல் குழாயையும் கவனிக்கக் கடமைப்பட்டவர். அனல்மின் நிலையங்களின் கந்தக வெளியேற்றத்துக்கு 2015 டிசம்பரில் வரம்பு வகுத்தார்கள். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டிய வேலை பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கிக் கருவியிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டார்கள். மின்வாகனங்களை வேகமாகக் கொண்டுவரும் அரசு, அந்த வாகனங்களின் புகை கடைசியில் போய்ச்சேரும் இடத்தில் இப்படித் தளர்வு காட்டுவது பெரும் பிழை.

இப்போது என் முதல் கூற்றுக்குத் திரும்புகிறேன்: எந்த வண்டி முதலில்? ஒரு மின்ஸ்கூட்டரின் பேட்டரி 3 யூனிட். கடன் 240 கிலோ. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 6 கிலோ வெளியிட்டால், மின்ஸ்கூட்டர் 3 கிலோதான். 8,000 கிலோமீட்டரில், அதாவது தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு ஒரு வருடத்தில், கடன் தீர்ந்துவிடுகிறது. தினமும் 100 கிலோமீட்டர் ஓடும் ஆட்டோவும் ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடும். ஓட்டுநருக்கு எரிபொருள் செலவும் குறைகிறது. நம் நாட்டு வாகனங்களில் நான்கில் மூன்று இருசக்கர வண்டிகள். பெட்ரோலில் 60 சதவீதத்துக்கு மேல் அவைதான் குடிக்கின்றன என்று பெட்ரோலிய அமைச்சகத்தின் பகுப்பாய்வுப் பிரிவுக்காக நடத்தப்பட்டு 2014-இல் வெளியான கணக்கெடுப்பு சொன்னது. கார்களை மாற்றினால் பெட்ரோல் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஓசூரும் கிருஷ்ணகிரியும் மின்ஸ்கூட்டர் உற்பத்தியின் மையமாக இருப்பது தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

பேருந்தில் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. டீசல் எஞ்சின் சிக்கனமானது. இன்றைய மின்சாரத்தில் ஒரு மின்பேருந்தின் கரியமில வெளியேற்றம் டீசல் பேருந்தோடு ஏறத்தாழச் சமமாகவே நிற்கும். ஆனாலும் நான் பேருந்தை முன்வரிசையில் வைக்கிறேன். டீசலின் கரும்புகை மனிதர்கள் நெருங்கி நிற்கும் நிறுத்தங்களில்தான் வெளியாகிறது. ஐம்பது பேர் ஏறிய எந்தப் பேருந்தும், ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் எந்தக் காரையும்விடத் தலைக்குப் பல மடங்கு குறைவாகவே வெளியேற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணிமனையில் நிற்கும் பேருந்துக்கு எப்போது சார்ஜ் ஏற்றுவது என்பதை ஒரு அதிகாரி தீர்மானிக்க முடியும். நண்பகல் கூட்டமில்லாத நேரத்தில் சூரிய மின்சாரத்தை ஏற்றலாம். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது. சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. தாழ்தளம் கொண்ட அந்தப் பேருந்தில் சக்கர நாற்காலியோடு ஏற முடிகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. வண்டியை மாற்றும்போது கிடைக்கும் இத்தகைய நன்மைகள் கரியமிலக் கணக்கில் வருவதில்லை.

கடைசியாக வரி. மின்வாகனங்களுக்கென மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த மானியத் திட்டம் இருசக்கரம், மூன்று சக்கரம், பேருந்து, ஆம்புலன்ஸ், லாரி ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கியது. சொந்தக் காருக்கு ஒதுக்கவில்லை. இது சரியான முடிவு. ஆனால் சரக்கு சேவை வரியில், 3 யூனிட் ஸ்கூட்டருக்கும் 80 யூனிட் பேட்டரியோடு வரும் இரண்டரை டன் காருக்கும் ஒரே 5 சதவீதம். அந்தப் பெரிய காரின் கடன் 6,400 கிலோ. 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் எடுத்தால் அதன் ஓட்டமும் ஒரு சிறிய பெட்ரோல் காரின் அதே 17 கிலோவை வெளியிடும். பெரிய டீசல் காரை விற்றுவிட்டு அதை வாங்குபவர் 60,000 கிலோமீட்டர் சுற்றில் கடனை அடைக்கிறார். சிறிய பெட்ரோல் காரை விற்றுவிட்டு அதை வாங்குபவர் இன்றைய மின்சாரத்தில் அடைக்கவே முடியாது. அந்த ஒரு பேட்டரிக்குள் இருபத்தாறு ஸ்கூட்டர்களுக்கான பேட்டரி அடங்கியிருக்கிறது. ஆகவே 30 யூனிட் வரை 5 சதவீதம் இருக்கட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து யூனிட்டுக்கும் வரி ஏறட்டும். அப்படி ஏறும் பணம் பணிமனைகளின் கூரையில் சூரியத் தகடு பதிக்கவும், கொசஸ்தலையின் அடியில் படிந்த சாம்பலை அள்ளவும் போகட்டும். சரக்கு சேவை வரி மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு இருக்கை உண்டு. இந்தக் கோரிக்கையை அங்கே முன்வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.